மகள் வீடும் மாடி வீடும்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. தெற்கே திருக்கோவில், தம்பிலுவில் தொடங்கி அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று வடக்கே நீளும் ஊர்களில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படும் வழமை இது. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருகிறான். மணமகள் மாமியார் வீடு புகுவதில்லை. கோயிலாலும் பள்ளிவாசலாலும் வேறுபட்டு நிற்கும் இவ்விரு சமூகங்களும், தாய்வழிக் குடி முறையினாலும் மகளுக்கு வீடு கொடுக்கும் முறையினாலும், ஒரே சமுதாய அமைப்பின் இரு கிளைகளாக விளங்குகின்றன. கோயிலில் குடிக்கொரு திருவிழா. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர். 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008 இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்வொற்றுமையை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார்.

இம்முறை இயங்கும் விதத்தைச் சற்று விளக்கமாக நோக்குதல் வேண்டும். மூத்த மகளுக்கு மணம் நிகழும்போது பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, இளைய பெண்மக்களுடன் அதே வளவின் மறுபாதியிலோ அடுத்த துண்டுக் காணியிலோ எழுப்பிய மற்றொரு வீட்டுக்குப் பெயர்கின்றனர். அடுத்தவளின் முறை வரும்போது அவ்வீடும் அவளுக்காகிறது. கடைசி மகளும் குடியமர்ந்தபின் முதிய பெற்றோர் பின்புறத்து அடுக்களைக் குடிசையில் ஒதுங்குவதும் உண்டு. இவ்வாறு ஒரு தாயின் வளவு இரண்டாகி, மூன்றாகி, சில தலைமுறைகளுள் ஒரு தெருவே சகோதரிகளின் தெருவாக மாறிவிடுகிறது. வளவுகளுக்கிடையே வேலி நிற்கும். வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அப்பொட்டின் வழியே பெண்கள் தெருவுக்கு வராமலே அக்காவின் வீட்டுக்கும் தாயின் வீட்டுக்கும் போய் வருவர். அரிசியும் நெருப்பும் கைக்குழந்தையும் அவ்வழியே கைமாறும். தமிழ்ப் பிள்ளை சின்னம்மா என்றும் முஸ்லிம் பிள்ளை சாச்சி என்றும் அழைக்கும் ஒருத்தி, எப்போதும் கூப்பிடு தூரத்திலே இருப்பாள். அயல் என்ற சொல்லுக்கு இவ்வூர்களில் உள்ள பொருள் இதுவேயாகும்.

இதனைப் பொற்காலச் சித்திரமாக்கிப் பூசிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. வயற்காணியின் பெரும்பகுதி போடியார்களின் கையில் இருந்த சமுதாயத்தில், போடியாரின் மகளுக்குக் கல்வீடும் வயலும் கிடைத்தன. வயற்காரனின் மகளுக்குக் களிமண் சுவரும் ஓலைக் கூரையும் கிடைத்தன. ஓலை வீடு கல்வீடாகும் வரை திருமணம் தள்ளிப்போகும் பெண்கள் இன்றும் பலர். தகப்பனின் உழைப்பு முழுவதும் மகளின் சுவர்களுக்குள்ளே கரைகிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து வேறொரு காட்சியும் சேர்ந்துகொண்டது. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே தாய் பிறர் வீட்டில் வேலை செய்ய அரபு நாடு போகிறாள். தன் மகளின் அடுக்களைக்கு நிலை வைக்க, தான் அந்நியரின் அடுக்களையில் ஆண்டுகளைக் கழிக்கிறாள். சீதனம் என்னும் சுமை ஏழையின் முதுகை முறிக்கிறது என்பதை மறுப்பாரில்லை.

ஆயினும் இன்னொரு பக்கத்தையும் நாம் காணத் தவறுதல் ஆகாது. தமிழகத்தில் சீதனம் பெரும்பாலும் மணமகனின் குடும்பத்துக்குப் போய்ச் சேர்கிறது. இங்கோ அது பெண்ணின் பெயரில் நிலமாகவும் சுவராகவும் நிற்கிறது. கணவன் குடித்தாலும் அடித்தாலும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவன் அவனே, அவளல்லள். விதவையானவளும் கைவிடப்பட்டவளும் தெருவுக்கு வருவதில்லை. தாயும் தங்கையும் வேலிக்கு அப்பால் இருக்கிறார்கள். சட்டப் புத்தகம் பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்குவதற்கு எவ்வளவோ காலத்திற்கு முன்பே இக்கரையின் வழமை அதனை வழங்கியிருந்தது. சுமையும் உரிமையும் ஒரே நிறுவனத்தில் பிணைந்து கிடக்கின்றன. சுமையை நீக்கப் புறப்படுவோர் உரிமையையும் சேர்த்து வீசிவிடாமல் இருத்தல் வேண்டும். வரலாற்றில் நிகழ்ந்திருப்பதோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: உரிமை பறிபோயிற்று, சுமை எஞ்சிற்று.

அரசு இவ்வழமையைக் கையாண்ட முறையினைப் பார்ப்போம். மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழி உடைமையை அங்கீகரித்த ஒரு வழமைச் சட்டமாகும். கிறித்தோபர் பிறிற்றோ என்பவர் 1876 இல் அதனைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதே 1876 இல் பிரித்தானிய ஆட்சி விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டமொன்றை இயற்றிற்று. அதனோடு முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. சட்டம் நூலேறிய ஆண்டே அதன் இறுதி ஆண்டாகவும் அமைந்தது. முஸ்லிம்களின் மரபுரிமையை இசுலாமியச் சட்டத்தின் வழிப்படுத்திய கட்டளைச் சட்டம் 1931 இல் வந்தது. எனினும் மக்கள் இரு சட்டங்களுக்கும் வெளியே ஒரு வழி கண்டனர். மரணத்தின் பின் சொத்து எவ்வாறு பிரியும் என்பதைத்தானே சட்டம் சொல்கிறது? பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, திருமண வேளையில், வீட்டை மகளுக்கு உறுதி முடித்துக் கொடுத்துவிட்டனர். பிரிப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை.

ஆனால் உறுதி முடிப்பதற்குச் சொந்தக் காணி வேண்டும். அரசு காணி கொடுக்கும் காலம் வந்தபோது இவ்வழியும் அடைபட்டது. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், குடியேற்றக் காணியை ஒருவர் பெயருக்கு வழங்கி, அவர் பின்னுரிமையாளரை நியமியாது இறப்பின் ஆண்வழியை முற்படுத்தும் வரிசையொன்றை வகுத்தது. மகள்மாரை மகன்மாருக்குப் பின்னே நிறுத்திய அவ்வரிசை 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வரை நீடித்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் இச்சட்டத்தின் நிழலிலேயே எழுந்தன. அவற்றின் விளைவாக 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து உருவான அம்பாறை மாவட்டத்தின் கரையோர மக்களுக்கு, தம் மேற்கே பரந்த நிலத்தின்மீது இருந்த எதிர்பார்ப்பு சுருங்கிற்று. இனங்களிடையே நிலத்தைப் பற்றிய ஐயம் அங்கேதான் வேர்கொண்டது. 'குடும்பத் தலைவர்' என்னும் சொல்லும் அவ்வாறே அரச படிவங்களில் வேரூன்றிற்று. அந்தத் தலைவர் ஆணாகவே இருப்பார் என்பது எழுதப்படாத விதி.

இனி, இக்கரையின் நெருக்கத்தைக் கவனிப்போம். கிழக்கே கடல்; மேற்கே வயல். நடுவே மணல் மேட்டின்மீது, பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும், ஊர்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைப் பகுதி நாட்டிலேயே மக்கள் நெருக்கம் மிக்க கிராமப்புறங்களுள் ஒன்று. மகளுக்கொரு வீடு என்னும் முறைக்குத் தலைமுறைதோறும் புதிய நிலம் வேண்டும்; மணல் மேடோ வளர்வதில்லை. வளவு பாதியாகிப் பாதியாகி, சில பேர்ச் அளவுக்குச் சுருங்கிற்று. வயலை மண்ணிட்டு நிரப்பினால் நெல் போய்விடும். வெள்ளம் ஓடும் வழியும் அடைபடும். 1985 இலும் 1990 இலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட வன்செயல்கள், ஊரோடு ஊர் கலந்து கிடந்த எல்லைகளைக் கூரிய கோடுகளாக்கின. அதன்பின் ஓரினத்தவர் மற்றவரின் ஊரில் காணி வாங்குவது அரிதாயிற்று. நெருக்கம் இயற்கையின் விளைவு மட்டுமன்று; நிலவுடைமையும் அரசியலும் சேர்ந்து இறுக்கிய நெருக்கமாகும்.

இந்நெருக்கத்தில் யார் எங்கே வாழ்ந்தனர்? நெடுஞ்சாலையோரத்தில் வணிகரும் உத்தியோகத்தரும் வாழ்ந்தனர். கடலை அண்டிய மணலில் மீனவரும் கூலித் தொழிலாளரும் வாழ்ந்தனர். மலிவான நிலம் அலைக்கு அருகிலேயே கிடைத்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்தபோது முதலில் அது தேடிவந்தது இவர்களையே. இலங்கை முழுவதிலும் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அவர்களுள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். வேறெந்த மாவட்டமும் இத்துணைப் பேரை இழக்கவில்லை. நாடெங்கும் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீடுகள் அழிந்தோ சேதமுற்றோ போயின. இவ்வூர்களில் அழிந்தவை மகள்களின் வீடுகள். ஒரே காலையில் தாய் வீடும், மூன்று அக்கா தங்கையரின் வீடுகளும், இன்னும் மணமாகாதவளுக்கென எழுப்பிய அரைச்சுவரும் சேர்ந்து மறைந்தன.

அடுத்து வந்தது அரசின் கோடு. 2005 இன் தொடக்கத்தில், தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. அகலமே சில நூறு மீற்றராக உள்ள கரையில் 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதியாகும். மீனவன் கடலோரத்தில் உறங்கக்கூடாது என்ற அதே வேளையில், உல்லாசப் பயண விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தெற்கே அறுகம்குடாவில் உல்லாசத்துறைக்கென வரையப்பட்ட பெருந்திட்டத்தை ஊர் மக்கள் எதிர்த்ததன் காரணம் இதுவே. எதிர்ப்பின் விளைவாகக் கோடு பின்னர் தளர்ந்தது. மருதமுனையில் ஒரு குடியிருப்பு இன்றும் '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்றே அழைக்கப்படுகிறது. ஓர் ஊருக்கு அளவுகோலின் பெயர் சூட்டப்பட்ட கதை இது.

கோட்டுக்கு வெளியே இருந்தோர்க்கு, முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாவும் பகுதி சேதத்துக்கு ஓர் இலட்சமும் உதவியாக வழங்கப்பட்டன. அவர்கள் தம் காணியிலே தாமே கட்டினர். கோட்டுக்குள் இருந்தோர் வேறிடம் பெயர வேண்டியவராயினர். அவர்களுக்கு வெளிநாட்டு உதவியாளர் வீடு கட்டிக் கொடுப்பர். அரசு காணி தேடும். காணி எங்கே? அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை முஸ்லிம்களுக்கு மாத்திரம் கொடுத்தல் ஆகாது என்று வழக்கெழுந்தது. 2009 இல் உச்ச நீதிமன்றம் இன விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு பகிருமாறு தீர்ப்பளித்தது. விளைவு, வீடிழந்தோர் வெளியே நிற்க, கட்டி முடிந்த வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்து காடு மண்டின. அயலைக் கேளாது, மூன்று இனங்களும் உரிமை பேசும் நிலத்தில், ஓரினத்துக்கென ஒரே இடத்தில் ஐந்நூறு வீடுகளைக் குவித்தமை ஒரு பிழை. வீடற்றோரின் துயரை இன விகிதக் கணக்காக மாற்றியமை அதனினும் பெரிய பிழை. இரண்டுக்கும் விலை கொடுத்தவர் கடற்கரை ஏழைகளே.

நிலம் கிடைக்காத கல்முனையில் வீடு மேல்நோக்கி எழுந்தது. 'கிறீன் பீல்ட்' என வழங்கும் தொடர்மாடிக் குடியிருப்பு அவ்வாறு வந்ததே. மணலில் பரந்து வாழ்ந்த மக்கள் மாடியேறினர். இதனை வெறுமனே பழித்தல் நியாயமன்று. கூரையற்றவனுக்குக் கூரை கிடைத்தது. ஓலைக்குடிசையில் பிறந்தவர் பலர் முதன்முதலாகக் கொங்கிறீற்றுத் தளத்தில் கால் வைத்தனர். மாடி வீடு வயலையும் காக்கிறது. நூறு வளவுகள் விழுங்கும் நிலத்தில் மாடிகள் பன்மடங்கு குடும்பங்களைத் தாங்குகின்றன. இக்கரையில் இனிவரும் தலைமுறைக்கு மாடியைத் தவிர வேறு வழி குறைவு என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயின் எத்தகைய மாடி? வினா இங்கேதான் தொடங்குகிறது. மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். குழித்தறிக்கு நிலத்தில் குழி வேண்டும். இரண்டாம் மாடியில் குழி தோண்ட இயலுமா? மீனவனுக்கு வலை உலர்த்த வெளி வேண்டும். தோணியும் இயந்திரமும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருத்தல் வேண்டும். நெல் அவிப்பவளுக்குப் பானை வைக்க முற்றமும், காயப்போடத் தரையும் வேண்டும். விறகடுப்பின் புகை மூடிய அறையில் எங்கே போகும்? வளவில் குப்பையைப் புதைத்தும் எரித்தும் வாழ்ந்தவர்க்கு மாடியில் குப்பை பொதுப் பிரச்சினையாகிறது. ஒருவரின் கழிவுநீர் மற்றொருவரின் கூரைவழி இறங்குகிறது. வேலிப் பொட்டும் மறைந்தது. அக்காவின் வீட்டுக்குப் போவதற்கு ஆடவர் ஏறி இறங்கும் பொதுப் படிக்கட்டில் பெண் போக வேண்டும். ஆகவே அவள் போவதைக் குறைத்துக்கொள்கிறாள். புதிய கட்டிடம் பெண்ணைப் பழைய வேலியைவிட இறுக்கமாக அடைத்துவிடுகிறது.

இவற்றினும் ஆழமானது உடைமைப் பிரச்சினை. உதவிப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் இருந்தது. அதில் பல இடங்களில் கணவனின் பெயர் விழுந்தது. கடல் கொண்டது அவளுடைய சீதன வீடு. அரசு கொடுத்தது அவனுடைய புதிய வீடு. ஒரு பேனாக் கோட்டில் சொத்து தாய்வழியிலிருந்து தந்தைவழிக்குக் கைமாறிற்று. மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும் கிழக்கின் கடற்கோள் வீடுகளை ஆராய்ந்து 2010 இல் எழுதிய கட்டுரை இவ்வினாவையே மையமாகக் கொண்டது: சீதன வழமை புதிய வீடுகளில் எவ்வாறு தொடரப்போகிறது என்பதே அது. மக்கள் தம் வழமையைக் கைவிடவில்லை. கிடைத்த வீட்டை மகளுக்குக் கொடுக்கவே திட்டமிட்டனர். ஆயினும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. மூன்று மகள்மாரில் எவளுக்கு? தனி வளவில் பின்புறம் ஓர் அறையேனும் கட்டலாம். மாடியில் ஒரு செங்கல் சேர்க்க இயலாது. உறுதிப்பத்திரமோ பல குடியேற்றங்களில் சாவி கிடைத்துப் பல்லாண்டுகள் கழிந்தும் வரவில்லை. உறுதியின்றிச் சீதனம் எழுதுவது எவ்வாறு?

இக்குறைகளுக்கெல்லாம் மாடி என்னும் வடிவமே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. தொழிலாளரின் வரலாற்றில் தொடர்மாடிக்கு மதிப்புக்குரிய ஓர் இடமுண்டு. 1927 முதல் 1930 வரை வியன்னா நகரசபை கட்டிய கார்ல் மார்க்ஸ் மாளிகை 1,382 வீடுகளைக் கொண்டது. கார்ல் ஏன் என்னும் கட்டிடக்கலைஞர் அதனை வரைந்தார். அக்காணியின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்திலேயே கட்டிடம் எழுந்தது; எஞ்சியது மரமும் முற்றமுமாக விடப்பட்டது. பொதுச் சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம் ஆகியன வீடுகளோடு சேர்ந்தே பிறந்தன. 1934 பெப்ரவரியில் அங்கு வாழ்ந்த தொழிலாளர்மீது பீரங்கி திருப்பப்பட்ட வரலாறு, அச்சுவர்கள் ஒரு சமூகத்தை எவ்வளவு இறுகப் பிணைத்திருந்தன என்பதற்குச் சான்று.

நம் நாட்டிலும் பம்பலப்பிட்டியிலும் பின்னர் மாளிகாவத்தையிலும் தொடர்மாடிகள் எழுந்தன. 1970 முதல் 1977 வரை வீடமைப்பு அமைச்சராக விளங்கிய கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமன் காலத்தில், 1973 இல், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு எல்லை விதித்த சட்டமும், மாடி வீட்டைத் தனி உடைமையாக்கும் சட்டமும் பிறந்தன. முன்னையது வாடகை வேட்டைக்கு ஓர் அணை. பின்னையது, நிலத்தில் கால் பதியாத வீட்டையும் உறுதி எழுதிக் கைமாற்ற வழி செய்தது; படிக்கட்டும் முற்றமும் அனைவர்க்கும் பொதுவுடைமை என்றது. நம் கரைக்கு இப்பின்னைய சட்டம் மிகவும் வேண்டியது. மாடி வீட்டையும் மகளுக்கு எழுதலாம். எழுதும் உரிமை பெற்றோர் கையில் இருந்தாற் போதும். ஆனால் கொழும்பின் மாடிகள் சம்பளத்தில் வாழும் சிறு குடும்பத்தை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை. தறியும் வலையும் தாய்வழி உறவும் கொண்ட கரைக்கு அவ்வரைபடத்தை அப்படியே தூக்கிவந்தால் பொருந்துமா?

பொருந்தும் வழியைக் காட்டிய முன்னோடி ஒருவர் நம்மிடையே இருந்தார். 1948 இல் பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரான மினற் டி சில்வா, ஆசியப் பெண்களுள் அத்தகுதி பெற்ற முதல்வராக அறியப்படுபவர். 1950களின் பிற்பகுதியில் கண்டியின் வட்டப்புளுவையில் அரச ஊழியருக்காக இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தவர் அங்கே குடியேறவிருந்தனர். அவர் வரைபலகையின் முன் அமருமுன் வினாக்கொத்துடன் மக்களிடம் சென்றார். எவ்வாறு சமைக்கிறீர்கள், எங்கே வழிபடுகிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு பணம் என்று கேட்டறிந்து, அவ்விடைகளிலிருந்து பலவகை வீடுகளை வரைந்தார். அதே காலத்தில் கொழும்பில் அவர் கட்டிய சேனாநாயக்க தொடர்மாடியில் காற்றுக்கும் தோட்டத்துக்கும் இடம் வைத்தார். அரை நூற்றாண்டின்பின், தென்கிழக்குக் கரையில் கிரிந்தை என்னும் முஸ்லிம் மீனவர் கிராமத்தில் ஜப்பானியக் கட்டிடக்கலைஞர் சிகேரு பான் கடற்கோளுக்குப் பிந்திய வீடுகளை அமைத்தபோதும் இம்முறையே பயன்பட்டது. அவர் வீட்டின் முன்பகுதிக்கும் அடுக்களைக்கும் இடையே கூரையிட்ட முற்றமொன்றை வைத்தார். விருந்தினர் வந்தால் பெண்கள் ஒதுங்கவும், ஏனைய வேளைகளில் குடும்பம் கூடி உண்ணவும் அது உதவிற்று.

இவ்விரு உதாரணங்களிலும் மந்திரம் எதுவும் இல்லை. குடியிருக்கப் போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டார்கள், அவ்வளவே. கல்முனைக் கரையில் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை ஓரளவு நாமே வரையலாம். மாடி மூன்றுக்கு மேல் உயர வேண்டாம். பள்ளிவாசலின் மினாராவும் கோயிற் கோபுரமும் தென்னையும் வகுத்த வானளவை அது மீறலாகாது. தரைத்தளம் வீடுகளுக்கன்று; அது தறிக்கும் வலைக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உரியது; மீண்டும் கடல் எழுந்தால் நீர் ஓடவும் அது வழிவிடும். ஒரு படிக்கட்டைச் சுற்றியுள்ள ஆறு வீடுகள் ஒரு தாய்வழி உறவுக்கு ஒதுக்கப்படல் வேண்டும்; சகோதரிகள் தாம் விரும்பியவாறு அவற்றைத் தமக்குள் பகிர்வர். பின்புறத்தில் அடுக்களைகளை இணைக்கும் தாழ்வாரம் ஒன்று ஓடட்டும். அதுவே மாடியின் வேலிப் பொட்டு. வாடைக்காற்றின் மழையைத் தடுக்கவும் கச்சான் காற்றை உள்ளே விடவும் தக்கவாறு சன்னல்கள் அமைதல் வேண்டும். மேற்றளம் நெல்லுக்கும் துணிக்கும் திறந்திருக்கட்டும். வளரும் குடும்பத்துக்கென ஒவ்வொரு தொகுதியிலும் சில வீடுகள் காலியாக வைக்கப்பட்டு, மணமாகும் மகளுக்குத் தவணை முறையில் கொடுக்கப்படல் வேண்டும். உறுதி பெண்ணின் பெயரிலேனும், குறைந்தபட்சம் இருவர் பெயரிலேனும் எழுதப்படல் வேண்டும். பராமரிப்புச் சபையில் சரிபாதி பெண்கள் இருத்தல் வேண்டும். இவையெல்லாம் கட்டிடச் செலவைச் சிறிதே கூட்டும். வாழ முடியாத மாடியைப் பின்னர் திருத்தும் செலவோ அதனைப் பன்மடங்கு மிஞ்சும்.

மாடி வீடு சீதனச் சுமையையும் குறைக்கக்கூடும். அரசோ கூட்டுறவுச் சங்கமோ நீண்ட தவணையில் வீடு வழங்குமாயின், ஒரு தாய் பாலைவனத்தில் இளமையைப் புதைத்து மகளின் சுவரை எழுப்ப வேண்டியதில்லை. பெண்ணின் வீட்டுரிமை தந்தையின் கடனிலிருந்து விடுபட்டுச் சமுதாயத்தின் கடமையாக மாறும். பழைய வழமையில் உள்ள நீதியைக் காத்து அதன் கொடுமையைக் களையும் வாய்ப்பு இதில் இருக்கிறது. 2005 இல் பணம் வந்தது, உதவியாளர் வந்தனர், வாய்ப்பும் வந்தது. கேட்கும் பழக்கம் மாத்திரம் வரவில்லை. அவ்வாண்டு ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே கைச்சாத்தான நிவாரணப் பொறிமுறையில், பெரும் அழிவுக்குள்ளான இக்கரையின் முஸ்லிம்கள் கைச்சாத்திடும் தரப்பாகவே இருக்கவில்லை. அதுவும் ஜூலையில் நீதிமன்றத் தடையால் முடங்கிற்று. மேலிடத்தில் மக்களைக் கேளாதவர் அடுக்களையைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

தம்பிலுவிலில் இன்னும் வளவுகள் உண்டு. கண்ணகி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சகோதரிகளின் வேலிகள் இன்னும் பொட்டுகளுடன் நிற்கின்றன. கல்முனை அடைந்த நெருக்கத்தை அவ்வூர் அடைய ஒரு தலைமுறை செல்லலாம். அதற்கிடையில் செய்யத்தக்க வேலை ஒன்று ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் காத்திருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலிலுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, எந்த வீடு எந்த மகளுக்குரியது, எந்த வளவு எப்போது பிரிந்தது, பொட்டு எங்கே, கிணறு எங்கே, தறி எங்கே, இன்னும் வீடில்லாத மகள் எத்தனை பேர் என்பதை வரைபடமாக்கலாம். தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் தம் வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்க்குமாயின், இரண்டும் ஒரே கையால் வரையப்பட்டவை போலத் தோன்றும். அடுத்த திட்டத்துடன் அதிகாரி வரும்போது அவர் முன் விரிப்பதற்கு அந்தக் காகிதம் ஊரின் கையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.